கிழக்கே: கடல் வரை

வடக்கே ஒழுங்கை,
மேற்கே றோட்டு,
தெற்கே கந்தப்பர் வளவும் இரண்டு பூவரசும்,
கிழக்கே கடல் வரை.
ஐம்பத்தெட்டாம் ஆண்டு மாசியில்
நொத்தாரிசு இப்படி எழுதி முடித்து
மை காய ஊதியிருப்பார்.

அன்றைக்குக் கடல்
பேரின்பநாயகி வீட்டுக் கிணற்றடியிலிருந்து நாற்பது முழம்.
பிறகு யாரோ கல்லணை போட்டார்கள்.
கடல் கோபித்துக்கொண்டு பின்னால் போக,
திருக்கடலூரில் ஒருவரும் கேளாமலே
ஒரு துண்டு நிலம் முளைத்தது.
வெலிச்சோர் அதில் வள்ளத்தை ஏற்றினான்,
வாடி போட்டான்,
அடுத்த மாரிக்கு ஒரு முருங்கைத் தடியும் ஊன்றினான்.
வழக்கு முருங்கையில் தொடங்கியது.

வரை என்றால்
எழுதிய நாளில் கடல் நின்ற கோடு,
அதற்கப்பால் அம்மாவுக்கு உரித்தில்லை
என்றது கீழ் மன்று.
அம்மா மேன்முறையீடு செய்தா.

நான் மொழிபெயர்ப்பாளன்.
மேலே போகிற கோவையில் கடல் இல்லை,
கருவாட்டு மணம் இல்லை.
பேரின்பநாயகி விம்மி அழுத இடத்தில்
‘சாட்சி சற்று மௌனம்’ என்று ஒரு வரி.
நூற்றுப் பதினாறு பக்கங்கள், பச்சை நூல்.
எழுபத்துமூன்றாம் பக்கத்தில் என் வேலை:
இந்த ‘வரை’யை ஆங்கிலத்தில் இறக்குவது.
அங்கே அதற்கு இரண்டு வழி.
ஒன்று செருப்பைக் கழற்றி வாசலோடு நிற்கும்,
மற்றது உள்ளே வந்து பாயில் அமரும்.
எங்கள் வரை இரண்டையும் செய்யும்,
ஏனென்று கேட்டால் சிரிக்கும்.
மத்தியானப் பசி.
கிட்டக் கிடந்ததை எடுத்து வைத்தேன்.

இரண்டு நீதிபதிகள், கிறீச்சிடும் ஒரு மின்விசிறி.
நூலகத்திலிருந்து அகராதி வந்தது.
வரை: கோடு, எல்லை, மலை, மூங்கில்.
வரைதல்: எழுதுதல், மணத்தல், விலக்குதல்.
“மணத்தலும் விலக்குதலும் ஒரே சொல்லிலா?”
இளைய நீதிபதி கேட்டார்.
சிரிக்கலாம் என்று தெரிந்ததும்
சட்டத்தரணிகள் சிரித்தார்கள்.

அவவின் சட்டத்தரணி சொன்னார்:
இதே நொத்தாரிசு, இதே மாதம்,
பக்கத்து உறுதியில் ‘கடற்கரை வரை’ என்கிறார்.
இங்கே கரையை விட்டுவிட்டார் என்றால்
வேண்டுமென்றுதான் விட்டார்.
அவனுடைய சட்டத்தரணி எழும்பினார்:
உறுதியில் முப்பத்தெட்டு பேர்ச் என்றிருக்கிறது, கனம் நீதிபதிகளே.
கடல் எங்கேயும் போகட்டும்,
முப்பத்தெட்டு எங்கே போகும்?

நான் மூல உறுதியைப் பார்த்தவன்.
‘கடல்’ என்கிற இடத்தில் தாள் முடிகிறது.
‘வரை’யை ஓரத்தில் சரித்து,
பஸ்ஸில் கடைசி ஆளைப்போல நெருக்கியிருக்கிறார்.
கரைக்கு இடம் இல்லாமற் போயிருக்கலாம்.
தட்டச்சுப் பிரதியில்
எல்லா வரிகளுக்கும் ஒரே ஓரம்.
கீழே சொல்லாததை மேலே சொல்ல ஏலாது;
எனக்கென்று கூண்டும் இல்லை.
தண்ணீர் குடித்தேன்.

ஐந்து மாதத்தில் தீர்ப்பு.
கடல் என்பது ஒருநாட் கடலல்ல,
நகர்ந்தால் அதனோடு எல்லையும் நகரும்.
எழுபத்துமூன்றாம் பக்கத்து என் சொல்லைத்
தூக்கிப் பிடித்து மூன்று பந்திகள்.
மேன்முறையீடு அனுமதிக்கப்படுகிறது.

தமிழில் வாசித்துக் காட்டினேன்.
பேரின்பநாயகி சேலைத் தலைப்பால்
கழுத்தைத் துடைத்தா, முகத்தையல்ல.
வெளியே ஒரு மான்
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலை
கடதாசியோடு மென்றுகொண்டிருந்தது.
வெலிச்சோர் அதைப் பார்த்தபடி கேட்டான்:
“இனி என்ன ஐயா?”
உயர் நீதிமன்றம் போகலாம்,
நாற்பத்திரண்டு நாள் வரை
என்றேன்.

“வரை எண்டா,
அந்த நாற்பத்திரண்டாம் நாளும்
அதுக்குள்ள வருமோ?”

விரல் வரைகளில் எண்ணிப் பார்த்தேன்.
நாற்பத்திரண்டாவது
போயா.